வாசலுக்கு அந்தப் பக்கம் தமிழ்

கொல்கத்தா
18-1-2004

அன்பு மகள் ஷியாமளாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த டொரண்டோ குளிர்ல ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு காலையில விளக்கேத்தும்போதே வேண்டிக்கிட்டுத்தான் பேனாவ எடுத்திருக்கேன். இங்க நானும் அப்பாவும் சுகம். எப்பவும் மரியாதைக்கு எழுதுற சுகம் இல்லட்டி, நெசமாவே சுகம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. போன்ல சொல்லலாம்னா நான் அப்பான்னு வாயெடுத்த உடனே நீ அழ ஆரம்பிச்சிடுற, உன்னைத் தேத்துறதுலயே பேச்சு முடிஞ்சு போகுது. கடுதாசின்னா நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் உன்னால குறுக்க பேச முடியாதுல்ல. வேலைய விட்டுட்டு அப்பாவைப் பாத்துக்க இங்கயே வந்துடப் போறேன், அடுத்த மாசக் கடைசியில ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்னு சொன்னியே, இதைப் படிச்சு முடிக்காம எதையும் எழுதிக் குடுத்துடாத.

அப்பாவுக்குப் பயிற்சி குடுக்க வர்ற பிசியோதெரபி பொண்ணு பூர்ணிமாவைப் பத்தி உனக்குப் பாதிதான் தெரியும். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில கெடந்து வீடு திரும்பினதும் கிளினிக்ல சொல்லி ஒரு ஆளக் கேட்டோம். வந்து நின்ன பொண்ணு, அப்பா பேரைக் கேட்டுட்டு, நீங்க தமிழான்னு கேட்டுச்சு பாரு, அப்பா முகத்துல அன்னைக்கு வந்த வெளிச்சத்த நான் அதுக்கு முன்னால பாத்து எத்தனையோ நாளாச்சு. ஹவுராவுல ரெயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்த பொண்ணு, அவ அப்பா ரெயில்வேயில இருந்து காலமாயிட்டாராம், பூர்வீகம் நம்ம பக்கம்தான், சங்கரன்கோவில். அவ்வளவுதான், மறுநாளே இவுக அவளுக்கு அப்பா ஆயிட்டாக, நான் அம்மா ஆயிட்டேன். வந்ததும் காப்பி, போகும்போது டப்பாவுல இட்லி, துர்கா பூஜைக்கு நானே கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தாந்த் பருத்திச் சேலை எடுத்து வந்து குடுத்தேன். அவளுக்கு வீட்ல மாப்பிள்ளை பாக்குறாகன்னு சொல்லிச்சு, அதோட பயிற்சி நேரம் பூரா கல்யாணப் பேச்சுதான். அந்தப் பையன் வேண்டாம், பேங்க்ல இருக்கிற பையனுக்கு ஜாதகம் கேளுன்னு உங்க அப்பா கட்டில்ல சாஞ்சுக்கிட்டே கிடர்பூர் ஆபீஸ்ல ஃபைல் பாத்த மாதிரி தீர்ப்பு சொல்லுவாக. கால் மட்டும் வச்ச எடத்துல அப்படியே இருக்கும்.

காலத் தூக்குங்கப்பான்னு அவ சொன்னா, இன்னைக்கு உடம்புக்கு முடியல தாயி, நாளைக்குச் சேத்து செஞ்சுடலாம்னு இவுக கெஞ்சுவாக. அவளும் சரிப்பான்னு விட்டுடுவா. நானும்தான், பாவம் விடேன்னு கண்ணக் காட்டுவேன். இப்படியே போய்த்தான் அன்னைக்கு அந்தக் கூத்து நடந்துச்சு. அப்பா சறுக்கி உக்காந்தாகன்னு உனக்குப் போன்ல சொன்னேன்ல, ஏன் சறுக்கினாகன்னு சொல்லல. நடக்கும்போது பின்னால பிடிச்சுக்க இடுப்புல ஒரு பட்டை கட்டுவா. அந்தப் பட்டை இவுகளுக்கு ஆகாது, என்னைய மாடு மாதிரி கட்டி ஓட்டுதியான்னு சண்டை. அன்னைக்குப் பட்டை வேணாம் தாயி, பால்கனி வரைக்கும் உன் தோளப் பிடிச்சுக்கிட்டு வாரேன், அப்பா சொல்றேன்லன்னு கேட்டாக. அவளும் மனசு கேக்காம சரின்னுட்டா. பாதி ஹால்ல கால் மடங்கிருச்சு, அவ கீழ விழுந்து இவுகளத் தன் மேல தாங்கிக்கிட்டா. முருகன் புண்ணியம், எலும்புக்கு ஒண்ணும் இல்ல, அவளுக்குத்தான் முழங்கையில தோல் பேந்து போச்சு. ஆனா அதுக்கப்புறம் கட்டிலை விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டாக. பாத்ரூம் போறதுக்குக்கூட நானும் பக்கத்து வீட்டு மித்ரா பௌதி மகனும் தாங்கலா பிடிச்சுக்கிட்டுப் போகணும், என் இடுப்பு விட்டுப் போச்சு. ஒருநாள் சாயங்காலம், காமு, எனக்கு இனிமே இவ்வளவுதாம் போலன்னு சுவரப் பாத்துச் சொன்னாக. அதைக் கேட்ட அன்னைக்குத்தான் நான் உனக்குப் போன் போட்டு அழுதது.

ஒரு வாரம் அந்தப் பொண்ணு வரல. வேற ஆள அனுப்பிச்சுருவாகன்னு நெனச்சேன். வந்துச்சு, வந்து என்னைத் தனியா அடுக்களைக்குக் கூப்பிட்டு, கிளினிக்ல பெரிய மேடம், ஒண்ணு அந்த வீட்டுக்கு வேற ஆள விடு, இல்ல நீ மாறுன்னு சொல்லிட்டாக, நான் மாறிக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேம்மான்னா. எப்படி மாறுவன்னு கேட்டேன். இனிமே இந்த வீட்டுக்குள்ள நான் தமிழ் பேச மாட்டேன், பங்களாதான், வங்காளிப் பேச்சு மட்டும்தான்னு சொன்னா பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் வேலை படிச்சதும் பழகினதும் பங்களாவுலதாம்மா, அதுல எத்தனையோ பேரை மெரட்டியிருக்கேன், தமிழ் எனக்கு எங்கப்பாவோட பேசின பேச்சு, அதுல ஒரு பெரியவர் வேண்டாம் தாயின்னா எனக்கு எதுத்துச் சொல்ல வரலன்னா. காப்பி, இட்லி, சேலை, கல்யாணப் பேச்சு எதுவும் கெடையாது, பயிற்சி நேரத்துல நீங்களும் ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு, சரிதான் போடின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. என் வீட்ல என்னையவே வராதங்காளே.

அப்பாவுக்குக் கோவம்னா கோவம் அப்படி ஒரு கோவம். அவ உள்ள போய் ஸார் உட்டுன்னு சொன்னா, எந்திரிங்கன்னு அர்த்தம், உனக்குத் தெரியாததா. இவுக மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, பங்களா பேச வங்காளி ஆள் கெடைக்காமலா உன்னைக் கூப்பிட்டோம்னு தமிழ்ல வஞ்சாக. அவ அசையல. ஆர் ஏக்பார், ஆர் ஏக்பார்னு இன்னொரு தடவை இன்னொரு தடவைன்னு அதையேதான் சொன்னா. பட்டையக் கட்டினா. முடியலன்னாக, முடியும்னா. நான் அடுக்களையில காதைப் பொத்திக்கிட்டு நின்னேன். ஆனா ஒண்ணு கேட்டியா, நேரம் முடிஞ்சு வாசப்படி தாண்டி செருப்பு மாட்டினதும், அங்க நின்னுக்கிட்டு, அப்பா நான் போயிட்டு வாரேன், ராத்திரி ரசம் ஊத்திச் சாப்பிடுங்கன்னு பழைய கொரல்ல தமிழ்ல சொல்லிட்டுப் போச்சு. ரூம்ல இருந்து சரியாக் கேக்கல. என்ன சொன்னா என்ன சொன்னான்னு அப்பா என்னைப் பிடுங்கி எடுத்துட்டாக. போய்க் கேட்டுக்கோங்க, நான் என்ன தந்தி ஆபீஸான்னு எரிஞ்சு விழுந்தேன்.

தெனமும் இதே கதைதான். உள்ள பங்களா, வெளிய ரெண்டு வார்த்தை தமிழ். இவுக கட்டில்ல இருந்து ரூம் வாசல் வரைக்கும் வர ஆரம்பிச்சாக, அப்புறம் கம்பை ஊனி ஹால்ல மேசை வரைக்கும். பட்டையப் பிடிச்சுக்கிட்டு அவ பின்னாலயே வருவா, மேசைகிட்ட நாற்காலியில உக்கார வச்சுட்டுப் போவா. நேத்து என்ன ஆச்சுன்னா, அவ போய் செருப்பு மாட்டியாச்சு, திரும்பிப் பாத்தா உங்க அப்பா நாற்காலிய விட்டு எந்திரிச்சு கம்போட வந்துக்கிட்டு இருக்காக, தனியா. நான் அய்யோன்னு ஓடினேன், அவ கையக் காட்டி என்னை அங்கயே நிறுத்திட்டா. செருப்ப உதறிட்டு உள்ள வந்து, பக்கத்துலயே, தொடாம, கைய மட்டும் விரிச்சு வச்சுக்கிட்டு கூடவே வந்தா, வாயத் தொறக்கல. இவுக வேர்த்து விறுவிறுத்து நெலைப்படியப் பிடிச்சுக்கிட்டு நின்னு, படியத் தாண்டி ஒரு காலை வெளிய வச்சுட்டு, வெளிய வந்துட்டம்லா புள்ள, இப்பவாவது பேசுன்னாக. அது கண்ணத் தொடச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. அப்புறம் அங்கயே நின்னு பேசினாக பாரு, பேங்க் மாப்பிள்ளை ஜாதகம் பொருந்திட்டாம். நீ இதுக்காகத்தான் வாசல்ல தமிழ் பேசுனியான்னு நான் கேட்டேன். சத்தியமா இல்லம்மா, வெளிய வந்ததும் என்னால பேசாம இருக்க முடியலங்குது. சவத்தத் தள்ளு, அவ மேல நான் பட்ட கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

இப்ப உன் விஷயத்துக்கு வாரேன், பொறுமையாப் படி. நீ நல்ல மனசோட வாரேங்கிற, எனக்குத் தெரியாதா. பெத்த வயிறு குளுந்துதான் போச்சு, வான்னு சொல்லத்தான் எனக்கும் ஆசை, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஏட்டி, அந்தப் பொண்ணு யாரோ ஒருத்தி, அவளாலயே ஒரு மறுப்புச் சொல்ல முடியல, பாஷைய மாத்த வேண்டியிருந்துச்சு. நீ பெத்த மக. அவுக தாகம்னு நெனைக்கிறதுக்குள்ள நீ தண்ணியோட நிப்ப. எந்திரிக்கணும்னு பாத்தா நீ தாங்கிடுவ. அவுகளுக்கு ஒரு மக இல்லாமப் போயி ஒரு ஆயா வந்து சேருவா, அதுக்கா உன்னை வளத்தோம். நானே இப்பதான் கையக் கட்டிக்கிட்டு நிக்கப் பழகுறேன், அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். லீவு கெடைக்கும்போது வா. வந்து அப்பாவோட உக்காந்து சண்டை போடு, சீட்டாடு, கம்பை ஊனிக்கிட்டு அவுக வந்தா பக்கத்துலயே நடந்து போய் கரியாஹாட்ல கத்திரிக்கா பொறுக்கிட்டு வா. தூக்கி நிறுத்துற வேலைய அதுக்குன்னு வர்றவ பாக்கட்டும்.

மாப்பிள்ளை பிரேம்குமாருக்கு எங்க ஆசீர்வாதத்தைச் சொல்லு. ரெண்டு பேரும் நெறைஞ்ச ஆயுசோட, மனசுல பயமில்லாம இருக்கணும். காதுக்குக் குல்லா போடாம வெளிய போகாத. அப்புறம் ஒண்ணு, மறந்துடாத, நீ வர்றதுக்கு டிக்கெட் எடுக்கும்போது திரும்பிப் போறதுக்கும் சேத்தே எடுத்துடு. இங்க வந்து பாத்துக்கலாம்னு விட்டுடாத, போகாதன்னு சொல்லாம இருக்க என்னால முடியாது.

இப்படிக்கு,
உன் மேல உசுரையே வச்சிருக்கிற அம்மா,
காமு சிவலிங்கம்