முதல் பாட்டில் சுட்டிக்கு

மார்ச் 4
நாலு கன்றுகளில் சுட்டிக்குத்தான் வயிறு சரியில்லை. காலையில் வாலும் தொடையும் மஞ்சளாக ஒட்டிக் கிடந்தன. பால் பாட்டிலைக் கண்டாலே முட்டித் தள்ளுகிறவள், தலையைக்கூடத் தூக்கவில்லை. வீட்டுக்காரர், "நெறைய குடிச்சிருக்கும், விடு" என்றார். இவருக்கு எல்லாமே 'விடு'தான்! மற்றதெல்லாம் கத்தினால் கத்தட்டும் என்று முதல் பாட்டிலைச் சுட்டிக்கே கொடுத்தேன். பாவம், வாயில்லா ஜீவன். பிறகு அதையே நிரப்பி நிரப்பி மற்ற மூன்றுக்கும்.

மார்ச் 5
கழிச்சல் நிற்கவில்லை. பெரியவள் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். சுட்டி அவள் விரலைச் சப்பியதாம். "எங்கிட்ட மட்டும் குடிக்குதும்மா!" பெருமை தாங்கவில்லை அவளுக்கு. எனக்கும்தான்.

மார்ச் 7
இன்னொரு கன்று, மொட்டைக்கும் கழிச்சல் ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 8
குண்டனுக்கும். ரத்தம் கலந்து போகிறது. நாற்றம் அடுப்படி வரை வருகிறது. யார் கண் பட்டதோ தெரியவில்லை. இவர் இப்போது 'விடு' சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 9
சுட்டி போய்விட்டாள். கண் குழிக்குள் இறங்கி, காதெல்லாம் சில்லிட்டு… பாப்பாவைப் பார்க்கவிடவில்லை.

மாட்டு டாக்டரம்மா வந்தார். ஊசி போட்டார். எப்படிப் பால் கொடுக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் — "நோவு வந்ததுக்குத்தானே முதல்ல குடுக்கணும்?"

அவர் என் முகத்தையே பார்த்தார். "இல்லம்மா. நல்லா இருக்கறதுக்கு முதல்ல. நோவு வந்ததுக்குக் கடைசியா, தனி பாட்டில்ல. இது கையில, பாட்டில்ல, செருப்புல ஏறித்தான் அடுத்ததுக்குப் போகும்."

அப்போ… நானா? பாவம் பார்த்துப் பாவம் பார்த்து நான்தான் வாய் வாயாக ஊட்டினேனா? கடவுளே.

டாக்டரம்மா வாசலில் செருப்பு மாட்டும்போது தொட்டிலைப் பார்த்துவிட்டார். உள்ளே சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். "இது மனுஷங்களுக்கும் வரும்மா. கைக்குழந்தை தாங்காது. சோப்புப் போட்டுக் கழுவாம யாரும் தொடாதீங்க."

மார்ச் 10
கழுவிக் கழுவிக் கை வெடித்துவிட்டது. மொட்டை எழுந்து நிற்கிறது. நாலாவதற்கு ஒன்றும் வரவில்லை. இப்போது முதல் பாட்டில் அதற்குத்தான். குண்டன் தன் கடைசி முறை வரும்வரை கத்துகிறான். காதைப் பொத்திக்கொள்ளலாம்போல இருக்கிறது.

பாப்பாவைக் கொட்டகைப் பக்கமே போகாதே என்றேன். "நீ மட்டும் போற?" என்று முறைத்தாள். வாயாடி.

மார்ச் 12
பாதிச் சாப்பாட்டில் பாப்பா எழுந்து ஓடினாள். வயிறு வலிக்கிறதாம். வெளியில் எதையாவது தின்றிருப்பாள். ஒன்றுமிருக்காது. ஒன்றுமிருக்காது.

மார்ச் 13
ரத்தம்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். சின்னவனிடமிருந்து தள்ளியே வைக்கச் சொன்னார்கள். உள்ளறையில் அவளுக்குத் தனிப் பாய், தனி டம்ளர்.

மார்ச் 14
இவர் கொட்டகையில் இருந்தார். உள்ளறையிலிருந்து பாப்பா கூப்பிட்டாள். "அம்மா, தண்ணி."

எழுந்தேன். அதே நேரம் தொட்டிலில் சின்னவன் பசித்து வீறிட்டான்.

கதவு வரை போய்விட்டேன். கை கதவு நிலையில் இருந்தது. திரும்பி வந்து, கை கழுவி, சின்னவனை மடியில் போட்டுக்கொண்டேன்.

"அம்மா… எனக்கு முதல்ல குடும்மா."

"இரு கண்ணு, வரேன்" என்றேன்.

அவன் மெதுவாகத்தான் குடித்தான்.