மூன்று காலிக் கட்டங்கள்

கணபதி, கோவை
27.5.2024

அன்புள்ள இஸ்மத்துக்கு,

நலமா? அத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா? வாட்ஸ்அப்பில் எழுதினால் இவர் எடுத்துப் படிச்சுப்போடுவார். அதனால்தான் கடிதம்.

கதிரை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி அட்டை கேட்கறாங்க. அம்மா ஊட்டுல இருந்தப்போ ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் காய்ச்சல் வந்து கைகால் இழுத்துச்சே, நீதானே பக்கத்துல இருந்தே. அதோட நிறுத்திப்போட்டேன். இவருக்குத் தெரியாது. அட்டையில் மூணு கட்டம் காலி. அட்டையை இதோட வெச்சிருக்கேன். நீதானே அந்த ஊர் நர்ஸு? போட்டதா எழுதிக் குடு கண்ணு. பத்து வருசம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவ, மாட்டேன்னு சொல்லிப்போடாதே.

உன் பிரத்யுஷா


தொண்டாமுத்தூர்
1.6.2024

பிரத்தி அம்மணிக்கு,

அத்தா நல்லா இருக்கார். யானை வந்து வாழையை மிதிச்சதை ஒத்தைக் கண்ணாலேயே பார்த்தாராம், ஊரெல்லாம் பெருமை.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழிச்சுட்டேன். அன்னைக்கு வந்த இழுப்பு காய்ச்சலால் வந்தது. மிச்ச ஊசியை இப்பவும் போடலாம், நானே பக்கத்தில் இருப்பேன். ஜூலையில் கூட்டிட்டு வருவேங்கற நம்பிக்கையில்தான் மூணு கட்டத்திலும் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். என் பட்டியலில் விடுபட்டவன் அவன் ஒருத்தன்தான். நேத்து மீட்டிங்கில் நூற்றுக்கு நூறுன்னு எனக்குக் கை தட்டினாங்க. பாதியிலேயே எந்திரிச்சு வந்துட்டேன்.

இஸ்மத்


கணபதி
3.9.2024

அன்புள்ள இஸ்மத்துக்கு,

ஜூலையில் வர முடியலை, கோவிச்சுக்காதே. கதிரோட தங்கச்சிப் பாப்பாவுக்குச் சளி, அப்புறம் இவர் பட்டறையில் வேலை.

கதிருக்கு மூணு நாளா தொண்டை வலி, எச்சில்கூட முழுங்க முடியலைங்கறான். டாக்டர், "ஊசியெல்லாம் போட்டாச்சுங்களாம்மா?"ன்னார். அட்டையை நீட்டினேன். பார்த்துட்டு, டான்சில்தான், பயப்படாதீங்கன்னு மருந்து எழுதினார். உன் கையெழுத்து எவ்வளவு உதவி பாரு! தீபாவளி லீவுக்குக் கட்டாயம் வாரோம். "இஸ்மத் அத்தை யானை காட்டுவாங்களா?"ன்னு கேட்டுட்டே இருக்கான்.

பிரத்யுஷா


கணபதி
22.9.2024

இஸ்மத்,

கடிதம் கிடைச்சு நீ போன் பண்ணினப்போ, கழுத்து வீங்கி அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம். தொண்டை அடைப்பானாம், டிப்தீரியான்னாங்க. மருந்து ஏத்தினாங்க. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தாப் பிழைச்சிருப்பான்னு சொன்னாங்க.

பதினாறாம் நாள் காரியம் இன்னைக்கு முடிஞ்சுது. இவர் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம், "எல்லா ஊசியும் போட்ட பையனுங்க"ன்னு சொல்லி அழுகிறார். நான் பக்கத்தில் நிக்கறேன்.

அட்டையை எரிச்சுப்போட்டேன். நீயும் யார்கிட்டயும் சொல்லிப்போடாதே. சொன்னா எனக்கு இந்த ஊடு இல்லை.

பிரத்யுஷா


தொண்டாமுத்தூர்
26.9.2024

பிரத்தி,

சொல்லிட்டேன்.

உங்க தெருவில் ஊசி போடப் போன நர்ஸைப் பதினோரு ஊட்டுல திருப்பி அனுப்பிட்டாங்க. "போட்டும் செத்துப்போச்சே அந்தப் பையன், அப்புறம் எதுக்கு?"ன்னு கேட்டாங்களாம். அவ சொன்னதும் நேரா ஆபீசுக்குப் போய், நான் போடாமலே எழுதினதை எழுதிக் கொடுத்தேன். வேலையிலிருந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. அது சரிதான்.

திங்கட்கிழமை உங்க ஊட்டுக்கு விசாரிக்க வருவாங்க. அதுக்கு முன்னாடி நீயே அவர்கிட்ட சொல்லிடு. என்னைத் திட்டச் சொல்லு. நீ கேட்டே, மாட்டேன்னு சொல்ல வேண்டியவ நான்.

அடுத்த வியாழக்கிழமை கதிர் படிச்ச பள்ளிக்கூடத்தில் முகாம். வேற நர்ஸ் வருவாங்க. பாப்பாவைத் தூக்கிட்டுப் போ. மடியிலேயே வெச்சுக்கோ. அட்டையில் யாரு என்ன எழுதறாங்கன்னு பார்க்காதே. ஊசி இறங்கறதைப் பாரு.

இஸ்மத்