மடிக்கொடியில் ஒரு கம்பி

1942, மாசி 9, இரவு.

அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. யுத்த காலத்தில் லைசென்ஸ் இல்லாமல் ரேடியோக் கருவி செய்யக் கூடாதாம். நாங்கள் அதில் யாரோடும் பேசவில்லை. வானத்திலிருந்து வரும் இரைச்சலைத்தான் கேட்டோம். முந்தின நாளைவிட தினமும் நாலு நிமிடம் முன்னதாகவே அது ஏறும், நட்சத்திரங்கள் உதிப்பதைப் போல.

ஏரியல் கம்பியை மொட்டைமாடியில் மடித் துணி உலர்த்தும் மடிக்கொடியோடு சேர்த்துக் கட்டியிருந்தோம். அம்மாவின் மடிப் புடவை அதை மறைத்திருந்தது. குளிக்காமல் யாரும் அதன் கிட்டே போகமாட்டார்கள். அது என் யோசனை.

சாயங்காலம் வந்த போலீஸ்காரர் கொடியருகே தயங்கி நின்றார்.

"மடித் துணியாச்சே சாமி, நாங்க தொடலாமா?"

திரும்பிப் போயிருப்பார். அப்பாதான், "இருங்கோ, நானே எடுக்கறேன்" என்று புடவையை உருவினார். அவர் தலை ஈரமாக இருந்தது. அந்த நேரத்தில் அப்பா ஒருநாளும் குளித்ததில்லை.

கம்பி இருக்கும் இடத்தைப் போன வாரம் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன்டி குழந்தே" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். தபாலாபீஸ் வேலை போய்விடும் என்று பயந்திருப்பார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

படியிறங்கும்போது அண்ணன், "உன்னைத் தவிர யாருக்குடி தெரியும்?" என்றான். அப்பா பக்கத்திலேயே நின்றார். வாய் திறக்கவில்லை. நானும்தான்.

இரைச்சல் ஏறிய நேரங்களெல்லாம் போலீஸ் கையில் சிக்காத இந்த நோட்டின் பின்பக்கத்தில் இருக்கின்றன. இப்போதுதான் அப்பா கதவுக்கு வெளியே வந்து, "இன்னும் தூங்கலையா?" என்று கேட்டார். விளக்கைக் குறைத்துவிட்டேன். கதவுக்குக் கீழே அவர் நிழல் இன்னும் போகவில்லை.