தமிழில் கேட்டார்

செவ்வாய், இரவு

கோபம் இன்னும் தணியவில்லை. பெஹாலாவில் பழைய பேட்டரிகளை உடைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. அதன் மைதானத்து மண்ணில் ஈயம் அளவுக்கு மீறிக் கிடக்கிறது. மூன்று முறை சோதித்துவிட்டேன்.

இன்று ஆய்வகக் கூட்டத்தில், பெங்காலிக்காரர்களான மற்றவர்களுக்குப் புரியக்கூடாதென்று இயக்குநர் என்னிடம் தமிழில் பேசினார்.

“அந்த மைதானத்தை மட்டும் அறிக்கையிலேர்ந்து எடுத்துடும்மா. நாம ஒரே ஊர்க்காராளா இருந்துண்டு...”

அம்மாவோடு நான் பேசும் மொழியில் இதைக் கேட்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி பெங்காலியில் பதில் சொன்னேன்.

“அந்த மைதானத்தை அறிக்கையிலிருந்து எடுக்கச் சொல்கிறீர்கள். அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். எடுக்க மாட்டேன்.”

அவர் முகம் வெளுத்தது. வெளியே வந்து அந்தப் பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். மைதானத்தை உடனே பூட்டிவிட்டாராம். வேலை போனால் போகட்டும்.