கிறிஸ்மஸ் தாத்தாவின் ஆரணி முடிச்சு

காலையில் கண் விழித்தபோது என் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. பழைய காலண்டர்த் தாளில் சுற்றி, சிவப்புப் பட்டு நூலால் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது உங்கள் முடிச்சு.

சேலைக்குக் குஞ்சம் கட்டுகிறவள் நான். முடிச்சைப் பார்த்தால் கை யாருடையது என்று சொல்லிவிடுவேன். தறியில் அறுந்த இழையை நீங்கள் முடிச்சுப் போட்டால் கடுகளவுதான் இருக்கும். இடதுகைக்காரர் என்பதால் எல்லோருடைய முடிச்சும் ஒரு பக்கம் சுற்றினால் உங்களுடையது எதிர்ப்பக்கம் சுற்றும். ஆடி மாதத்தில் உங்களைக் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டு வந்த வீட்டில், மார்கழியில் அந்த முடிச்சு எப்படி வந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கிறிஸ்மஸ் தாத்தாவை வீட்டுக்குள் கூட்டிவந்ததே நீங்கள்தான். மூத்தவள் தாரணி எல்.கே.ஜி. படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் வந்து மிட்டாய் கொடுத்தார். நம் வீட்டுக்கும் வருவாரா என்று அவள் கேட்க, வருவார் என்று நீங்கள் தலையாட்டிவிட்டீர்கள். நமக்குத் தீபாவளி இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, இது எதற்கு என்று நான் சண்டை பிடித்தேன். பண்டிகை மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. பிள்ளையிடம் இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

"புள்ளைங்களுக்குப் பல்லு விழுந்தா சாணி உருண்டையில வெச்சு கூரை மேல போடச் சொல்றியே, அது மட்டும் இன்னாவாம்?" என்றீர்கள்.

அது வழக்கம், இது பொய் என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே தறிக்குப் போய்விட்டீர்கள். உங்களோடு சண்டை போடுவதில் இருந்த பெரிய கஷ்டமே அதுதான்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். பிள்ளைகள் நம்புகிற வரை நான் குறுக்கே பேசக் கூடாது. என்றைக்கு நேராகக் கேட்கிறார்களோ, அன்றைக்கு யாரிடம் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் விடியும் முன்பே எழுந்து பொட்டலத்தை வைத்துவிட்டு, கதவு இடுக்கில் நின்று எட்டிப் பார்ப்பீர்கள். கட்டுவதற்குத் தறியில் கழித்த நூலைத்தான் எடுப்பீர்கள். வடதுருவத்தில் இருக்கிறவருக்கு ஆரணி முடிச்சு எப்படித் தெரியும், கடையில் ரிப்பன் வாங்குங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். யாரு பாக்கப் போறா என்பீர்கள்.

இந்த ஆடியில் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். வேலூருக்குக் கொண்டுபோனோம். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், அப்பா படவேட்டுக் கோயிலுக்குப் போயிருக்கார், வந்துடுவார் என்று சின்னவன் கவினிடம் சொல்லி வைத்திருந்தார்கள் சொந்தக்காரர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, தாங்க மாட்டான் என்று எல்லோரும் என் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். நான் அவனை மடியில் உட்காரவைத்து, அப்பா செத்துப்போய்விட்டார், இனிமேல் வரமாட்டார் என்று சொன்னேன். கல்நெஞ்சுக்காரி என்று பேசினார்கள். பேசட்டும். வாசலைப் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளை வளரக் கூடாது. இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

போன வாரம் கவின் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். அங்கே வந்த கிறிஸ்மஸ் தாத்தா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அண்ணனாம். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். நான் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அப்போ நம்ம வூட்டுக்கு வர்றவரு? நீ அப்பா விஷயத்துல பொய் சொல்லல இல்ல, இதையும் நெஜமா சொல்லு."

என் கை நின்றுவிட்டது. ஆமாம், இருக்கிறார் என்று சொன்னால், அடுத்த கேள்வி உங்களைப் பற்றித்தான் வரும். அன்றைக்குச் சொன்னதும் பொய்யோ என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவான். இல்லை என்றால், அப்பா செத்த வருஷத்திலேயே இதையும் பிடுங்கியவள் ஆவேன். உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒப்பந்தம் போட்டுவிட்டு நழுவிப்போன மனுஷன்.

"அப்பாதாண்டா," என்றேன்.

எழுந்து போய் உங்கள் தறியில், நீங்கள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டான். அழுவான் என்று நினைத்தேன். அங்கிருந்தே குரல் வந்தது.

"அந்த சைக்கிள் மணி?"

"அப்பாதான்."

"காந்தம் வெச்ச பென்சில் பாக்ஸ்?"

"அதுவும் அப்பாதான்."

ஒவ்வொன்றாகக் கேட்டான். யாரோ ஒரு தாத்தா கொடுத்ததாக வைத்திருந்ததையெல்லாம் எடுத்து உங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டான். எனக்குத்தான் அழுகை வந்தது.

தாரணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தனக்கு எப்பவோ தெரியும் என்றாள். முடிச்சைப் பார்த்த வருஷமே கண்டுபிடித்துவிட்டாளாம். தறி வீட்டுப் பெண், இதுகூடத் தெரியாதா? ஏண்டி சொல்லவில்லை என்றேன்.

"அப்பா கதவாண்ட நின்னுகினு பாக்குமே, அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கியா? சொல்லிட்டா பாவம் இல்ல?"

நாம் இரண்டு பேரும் பிள்ளைகளை நம்பவைப்பதா வேண்டாமா என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டினோம். அவள் பாட்டுக்கு உங்களை நம்பவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே உங்களைக் கேலி செய்திருப்பேன்.

இன்று காலை பொட்டலத்தோடு எழுந்து வந்து, இதை யார் வைத்தது என்று கேட்டேன். இரண்டும் கதவு இடுக்கில் நின்றிருந்தன. கிறிஸ்மஸ் தாத்தா என்று ஒரே குரலில் சொல்லின. கவின் சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தாரணி வலதுகைக்காரி. எத்தனை முறை கட்டிப் பார்த்து அந்த முடிச்சை எதிர்ப்பக்கம் திருப்பினாளோ.

உள்ளே நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி இருந்தது. புதுசு. வாங்கிக்கொடு என்று நான் உங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கத்தரியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாருக்கே, யாரு குட்த்தது என்று கேட்டார். பிள்ளைகள் இரண்டும் என் வாயையே பார்த்தன.

கிறிஸ்மஸ் தாத்தா என்றேன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

நூலை நான் வெட்டவில்லை. பொட்டலத்திலிருந்து நழுவவிட்டு எடுத்து, முடிச்சோடு கத்தரியின் பிடியில் மாட்டியிருக்கிறேன். குஞ்சம் கட்டும்போதெல்லாம் கையில் உரசுகிறது.