நூறிலிருந்து ஏழு ஏழாக

வேண்டாம், வேலையை விட்டுவிட்டு வராதே. அன்பு மகளே, வாத்தியாரம்மா, அப்பாவும் நானும் நலம், என் கல்லீரலில் புதிதாகக் குடியேறியவர்களும் நலம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இதை நீ நம்பமாட்டாய். நம்பாமலிருக்க உனக்குக் காரணம் உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

தினமும் போனில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாயே. சர்க்கரை இறங்கினால் நடுக்கம், வியர்வை என்று என் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது, கணக்குத் தடுமாறினால் நீ கண்டுபிடிப்பாய், அதுதானே ஏற்பாடு. விடைகளைத் தட்டச்சு செய்து அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டியிருந்தேன். முப்பது வருட ஆபீஸ் கை, ஒரு பிழை இல்லை. எழுபத்தொன்பது வந்ததும் யோசிப்பதுபோல் இழுப்பேன், நீ பரவால்லம்மா நிதானமா சொல்லு என்பாய், எனக்குச் சிரிப்பு முட்டும். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றோமே. வழுக்கவில்லை. உனக்கு எல்லா விடையும் சரியாகச் சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு விழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சிகிச்சைக்கே சம்மதித்தேன். யாரோ ஒருவருடைய கணையத்திலிருந்து எடுத்த, இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகள், குழாய் வழியாக என் கல்லீரலுக்குள் இறங்கின. பழைய ரத்தக்குழாய்கள் அறுந்து வந்தவை, புதியவை முளைக்கும்வரை அரைப்பட்டினி, அதுவரை அதுங்கள வேலை வாங்காதீங்க, ஊசிய நிறுத்தாதீங்க என்றார் டாக்டரம்மா. அப்பா தினமும் காலையில் என் விலாவைப் பார்த்து ரத்தம் வந்துச்சா என்று விசாரிப்பார், ஏதோ தெருவில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதுபோல. மூன்று மாதம். போன வாரப் பரிசோதனையில் என் சொந்த இன்சுலின் தெரிந்தது. ரத்தம் போய்ச் சேராம இது வராதும்மா என்றார் டாக்டரம்மா. ஊசி பாதியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை துணி மடிக்கையில் கை நடுங்கியது, வியர்த்தது. ஏங்க, எனக்குக் கை நடுங்குது என்றேன். பதினாறு வருடமாக அவர் கேட்காத வாக்கியம். அளந்து பார்த்தால் சர்க்கரை இறங்கியிருந்தது. பழச்சாற்றைப் பாதி தரையில் கொட்டிவிட்டு, இன்னொரு தடவ சொல்லு என்றார் அந்த மனுஷர்.

அதனால் டிக்கெட்டை ரத்து செய், ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடு. என்மேல் கோபப்படு, உரிமை உண்டு. இனியும் கணக்குக் கேட்பதானால் பதின்மூன்று பதின்மூன்றாகக் கேள், அதற்கு இன்னும் விடை ஒட்டவில்லை. நீண்ட ஆயுளோடும் குறைந்த சந்தேகத்தோடும் இரு.

உன் திருட்டு அம்மா

கைப்பையில் சர்க்கரை வைத்துக்கொண்டு, இதைத் தபாலில் போடத் தனியாகக் கிளம்பிவிட்டேன்.