படத்தில் விரிந்த கண்

7-7-1957, ஞாயிறு

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ருக்மணி அண்ணி மெதுவாக ஆரம்பித்தாள். சிங்கப்பூரில் ஒரு டாக்டராம். தொங்கும் இமையை வெட்டித் தைத்துக் கண்ணைப் பெரிதாக்கிவிடுகிறாராம்.

"உனக்கும் செஞ்சா நல்லா இருக்கும்னு... ஒரு பேச்சுக்குச் சொல்றேன் சந்திரா."

ஒரு பேச்சுக்கா? சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லையே!

இருபத்தேழு வருடமாக இந்தக் கண்ணோடுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'தூங்குமூஞ்சி டீச்சர்' என்பதும் தெரியும். இவளுக்கு என்ன திடீர் அக்கறை?

9-7, செவ்வாய்

தங்கையின் அழகைப் பற்றி அண்ணன் வாய் திறப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எதுவானாலும் அண்ணி வழியாகத்தான் வரும். பாவம், இந்த வெட்டுத் தையல் கதை அவருக்குத் தெரியுமோ என்னவோ.

13-7, சனி

மூவார் ஊரிலிருந்து கடிதம். மாப்பிள்ளை கலியாணசுந்தரம், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசர். அனுப்பிய என் படம் பிடித்துவிட்டதாம். செப்டம்பர் முதல் தேதி பெண் பார்க்க வருகிறார்கள்.

அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. தெங்கேரா தெரு ஸ்டூடியோவில் எடுத்தது. கைக்கு வந்ததும் அண்ணன் நேரே தபாலில் போட்டுவிட்டார்.

16-7, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு பிரதி கேட்டு வாங்கினேன். என் மூக்கு, என் ஜிமிக்கி, என் சேலை. கண் மட்டும் யாருடையதோ! அகல விரித்து, மை தீட்டி —

"டச்-அப்," என்றார் கடை முதலாளியான சீனத் தௌக்கே, மலாயில். "உங்கள் வீட்டிலிருந்துதான் சொன்னார்கள்."

கடையில் கூட்டம். மேலே கேட்க வெட்கம். கேட்பானேன்? அண்ணிதான். படத்தில் கண்ணைத் திறந்தாயிற்று, இனி படத்துக்குத் தகுந்தபடி என்னை வெட்ட வேண்டும். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால்!

21-7, ஞாயிறு

பிஸ்கட் டின்னில் இருந்த சின்னப் படம் காணோம். போன வருடம் அடையாளக் கார்டுக்கு எடுத்ததில் மிச்சம். கவர்மென்ட் படம், டச்-அப் கிடையாது, உள்ளது உள்ளபடி. நேற்று அண்ணி தபாலாபீசுக்குப் போனாள். ஆக, சிங்கப்பூர் டாக்டருக்குப் போய்விட்டது!

கேட்டேன். "எந்தப் படம்?" என்றாள். ஆனால் கையிலிருந்த கரண்டி நழுவியது.

கள்ளி.

2-8, வெள்ளி

அடுத்த சனிக்கிழமை சிங்கப்பூர் பஸ்ஸாம். அண்ணன் லீவு போட்டாயிற்றாம்.

"வேணாம்னா நீயே வாயைத் திறந்து சொல்லிடு. நான் சொன்னா எடுபடல," என்றாள் அண்ணி. இது என்ன புது நாடகம்? கிள்ளிவிட்டுத் தொட்டில் ஆட்டுகிறாளா?

வெட்டியபின் இமை மூடாமலே போனால்? வழியில் போலீஸ்காரர் என் அடையாளக் கார்டைப் பார்த்து, இது நீ இல்லை என்றால்? பயமாக இருக்கிறது, ஐயோ, ரொம்பப் பயமாக இருக்கிறது.

9-8, வெள்ளி

சொல்லிவிட்டேன். அண்ணனிடமே, நேருக்கு நேர். "நான் வரல. என் கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன்."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "படத்தைப் பாத்துட்டு வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அந்தக் கண்ணை வரையச் சொன்னது நீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணனா! என் கூடப் பிறந்தவரா?

அதற்காக அண்ணி யோக்கியமாகிவிடுவாளா? சின்னப் படம் எங்கே போச்சு?

31-8, சனி

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். எங்கள் காஜா பெராங் தெரு முழுக்கக் கொடி. என் சோதனை நாளைதான் இருக்கிறது.

1-9, ஞாயிறு

வந்தார்கள், அவரும் அவர் அம்மாவும். காப்பி கொண்டுபோனேன். புருவத்தைத் தூக்கவில்லை, கண்ணை அகல விரிக்கவில்லை. என் கண் எப்படியோ அப்படியே.

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. "ரெண்டு நாளா தூக்கம் சரியில்ல, அதான் கண்ணு கொஞ்சம்..." என்று இழுத்தார்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். என் அடையாளக் கார்டுப் படம்! "முதல்ல ஒண்ணு வந்துச்சு. அப்புறம் இது வந்துச்சு. இதைப் பாத்துட்டுத்தாங்க வந்தோம்."

பின்பக்கம் அண்ணியின் கோணல் எழுத்து: 'இதுதான் எங்கள் சந்திரமதி. இந்த முகம் பிடித்திருந்தால் மட்டும் வாருங்கள்.'

அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. மாப்பிள்ளை நல்லவர் போலத்தான் தெரிகிறது. 'போல' என்றுதான் எழுதுகிறேன்.

3-9, செவ்வாய்

இந்த நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அண்ணியைத் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

"ஏன் அண்ணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி வெண்டைக்காயை நான் நறுக்கினேன்.

மூவாருக்குச் சம்மதம் எழுத வேண்டும். அண்ணன் பேனாவைத் தேடினார். அண்ணியே எழுதட்டும் என்றேன். அவர்களுக்கு அந்த எழுத்துத்தான் பழக்கம்.